மூன்று நாள் லீவில் அலைச்சறுக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து எந்தக் கடலுக்குப் போகலாம்?

ஆடிப்பெருக்கு முடிந்த அடுத்த வாரமே எனக்கு மூன்று இடத்திலிருந்து ஒரே கேள்வி வந்தது. காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் சித்தி மகன் கேட்டான். தர்மபுரியில் வேலை பார்க்கும் இரண்டு தோழிகள் கேட்டார்கள். ஓசூரில் ஷிஃப்டு வேலையில் இருக்கும் மச்சானும் கேட்டார். "கடலோரத்துல சின்ன ஊரா இருக்கணும், அவசரம் இல்லாம இருக்கணும், சர்ஃபிங் கத்துக்கணும். மூணு நாள்தான் லீவு. எங்க போகலாம்?"

சர்ஃபிங் என்றால் அலைச்சறுக்கு, பலகையில் ஏறி நின்று அலை மேல் சறுக்கி வருவது. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கடல் கிடையாது. எந்தப் பக்கம் கிளம்பினாலும் குறைந்தது 200 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலும் கிடையாது. பெங்களூருக்காரர்களும் சென்னைக்காரர்களும் எழுதுகிற யோசனைகள் நமக்கு முழுசாகப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு ஒரு இரவுப் பயணம் என்றால் நமக்கு அதற்கு முன்னால் இன்னொரு பஸ் இருக்கும். நான் போய் வந்த நான்கு இடங்களை நம் ஊரிலிருந்து கிளம்புகிற கணக்கில் வைத்து ஒப்பிடுகிறேன்: செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம், புதுச்சேரியை ஒட்டிய செரினிட்டி கடற்கரை, கேரளத்தின் வர்கலா, இலங்கையின் அறுகம்குடா.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் எண்ண வேண்டியது விடியல்களை. எத்தனை நாள் லீவு என்பதைவிட, எத்தனை காலைகளில் விடியும்போது கடலோரத்தில் இருப்பீர்கள் என்பதுதான் முக்கியம். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் அதிகாலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும், அலை ஒழுங்காக எழுந்து உடையும். வெயில் ஏறி பத்து, பதினொரு மணி ஆனதும் கடல்காற்று கிளம்பி நீரைக் கலைத்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு நல்ல நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான். மூன்று நாள் பயணத்தில் ஒரே ஒரு விடியல் கிடைக்கிற ஊர், எவ்வளவு அழகாக இருந்தாலும், அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள ஏற்ற ஊர் ஆகாது.

இரண்டாவது பருவம். நான்கு ஊர்களில் எது நல்லது என்று கேட்பதைவிட, எந்த மாதத்தில் எது நல்லது என்று கேட்பதுதான் சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்க வைக்கும். அந்த மாதங்களில் வர்கலா கடலில் இறங்கவே கூடாது. அதே மாதங்களில் நம் கிழக்குக் கரைக்கு இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து நீண்ட அலைகள் வந்து சேரும். காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்றை மீனவர்கள் கச்சான் என்பார்கள். அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ். வங்கக்கடலில் புயல் சின்னங்கள் உருவாகும், கிழக்குக் கரையை நம்பித் திட்டம் போட முடியாது. டிசம்பரிலிருந்து மேற்குக் கரை அடங்கி, கற்றுக்கொள்ள ஏற்ற சின்ன அலைகளைத் தரும்.

மூன்றாவது, முதன்முறை பலகை ஏறுகிறவருக்கு அந்த இடம் பொருந்துமா என்பது. அடியில் மணலா பாறையா, இடுப்பளவு நீரில் நின்று பழகலாமா, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் கேட்க வேண்டும். நான்காவது, அறை வாடகையிலும் டிக்கெட்டிலும் சேராமல் பின்னால் வந்து நிற்கிற செலவு. அதில் பணமும் உண்டு, தூக்கமும் உண்டு.

## கோவளம் (மாமல்லபுரத்துக்கு வடக்கே)

முதலில் ஒரு எச்சரிக்கை. கோவளம் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று திருவனந்தபுரத்தை ஒட்டியது, இன்னொன்று சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பது. அறை பதிவு செய்யும்போது மாநிலத்தைப் பார்த்துப் பதியுங்கள். நான் இங்கே சொல்வது நம் தமிழ்நாட்டுக் கோவளம்.

இது மீனவர் ஊர். ஒரு பக்கம் தர்கா, ஒரு பக்கம் மாதா கோயில், நடுவில் வலை உலர்த்தும் மணல். இங்கே அலைச்சறுக்கு வளர்ந்ததற்குப் பெரிய காரணம் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். தானே பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, கோவ்லாங் பாயிண்ட் என்ற பள்ளியை நிறுவினார். 2013 முதல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழாவும் நடந்திருக்கிறது. கடலோடு பிறந்தவர்களிடம் கற்றுக்கொள்வதில் ஒரு தனி நிம்மதி இருக்கிறது. நீரோட்டம் மாறுவதை நாம் உணரும் முன்பே அவர்கள் கையசைத்து நம்மை நகரச் சொல்லிவிடுவார்கள்.

கொஞ்சம் தெற்கே இருக்கும் மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப்பும் அங்கேதான் நடந்தது. அதில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. இரண்டு போட்டிகளும் ஆகஸ்டில் வைக்கப்பட்டதைக் கவனியுங்கள். அந்த மாதம் இந்தக் கரையில் அலை நன்றாக வரும். மாங்காய் வேலை ஓய்கிற மாதமும் அதுவே.

ஆகஸ்ட் அலை பெரிதாக இருக்குமே, புதியவருக்கு ஆகுமா என்று சித்தி மகன் கேட்டான். ஆகும். முதல் இரண்டு வகுப்புகளில் ஆழத்துக்கு யாரும் கூட்டிப் போக மாட்டார்கள். உடைந்து கரைக்கு ஓடிவரும் நுரை அலையில்தான் பலகையைத் தள்ளி எழுந்து நிற்கப் பழக்குவார்கள். இன்னும் அமைதியான கடல் வேண்டும் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை போகலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து இன்னும் 45, 50 கூடும். காரில் போனால் சென்னைக்குள் நுழையவே வேண்டாம். வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வடக்கே திரும்பினால் கோவளம். பஸ்ஸிலும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மாறிப் போவதே நல்லது. வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு மதியம் திரும்பினால் இரண்டு முழு விடியல்கள் கையில்.

செலவைப் பார்ப்போம். வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜா என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக இருக்கின்றன, போகவர இரண்டு முறையும் கட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னைக் கார்களால் நிரம்பிவிடும், அறை வாடகையும் அன்று ஏறிவிடும். வகுப்புக்கு ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் வரை எடுத்து வையுங்கள். ஆனால் எனக்குப் பட்ட பெரிய இழப்பு வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் ஒரு இடத்தில் எட்டுப் பேருக்கு ஒரே ஆசிரியரை விட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எனக்குப் பலகை கிடைத்தது நான்கே முறை. அதற்கப்புறம் பணம் கட்டும் முன்பே "ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர் வருவோம்?" என்று கேட்டுவிடுகிறேன். மூன்று பேருக்கு மேல் என்றால் வேறு நேரம் கேட்கிறேன். முடிந்தால் சனி, ஞாயிறை விட்டுத் திங்கள், செவ்வாயில் போங்கள். அதே ஊர், பாதிக் கூட்டம்.

## புதுச்சேரி, செரினிட்டி கடற்கரை

தூரத்தில் இதுதான் நமக்கு மிக அருகில், சுமார் 200 கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்காரர்கள் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போவார்கள். தர்மபுரிக்காரர்கள் அரூர் வழியாகத் திருவண்ணாமலையில் சேர்ந்துகொள்ளலாம். பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்கள் கிருஷ்ணகிரி வழியாகவே போவதால், கார் இல்லாதவர்களுக்கு நான்கு ஊர்களில் இதுதான் சுலபம்.

ஆனால் கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டுவதற்குள் பாதி நாள் போய்விடும். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்காது. கார்த்திகை தீபத்தின்போது இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

செரினிட்டி கடற்கரை இருப்பது தந்திராயன்குப்பத்தில். புதுச்சேரி என்று நாம் சொன்னாலும் இது கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த தமிழ்நாட்டு மண். இந்தக் கரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது அந்த மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டார்கள். படகு நிறுத்தவும் வலை விரிக்கவும் மணல் இல்லாமல் போன குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. செரினிட்டியில் நாம் சறுக்கப் போகும் அலையும் அந்தக் கற்களுக்குப் பக்கத்தில்தான் உடைகிறது. அதனால் இங்கே முதன்முறை இறங்குகிறவர் தனியாகப் பலகை வாடகைக்கு எடுத்து இறங்கவே கூடாது. உள்ளூரில் நெடுநாளாக இருக்கும் பள்ளிகளின் ஆசிரியரோடு, அவர் காட்டும் மணல் பகுதியில் மட்டும் இறங்குங்கள்.

கூட வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடலில் இறங்க விருப்பமில்லையா? அப்போது இதைவிட நல்ல இடம் இல்லை. நீங்கள் கடலில் இருக்கும் நேரத்தில் அம்மாவும் பிள்ளைகளும் மணக்குள விநாயகர் கோயில், கடற்கரைச் சாலை, ஆரோவில் என்று பார்த்து வரலாம். ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போக முன்கூட்டியே பதிய வேண்டும், வந்த அன்றே கேட்டால் நடக்காது. இங்கே மறைந்திருக்கும் செலவு நகரமே. சனி இரவு ஊர் விழித்திருக்கும், நாமும் விழித்திருப்போம். ஞாயிறு விடியல் அறையிலேயே கழிந்துவிடும். நான் பார்த்த நண்பர் குழுக்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது வகுப்புக்குப் போகவில்லை.

## வர்கலா

அவசரம் இல்லாத சின்ன ஊர் என்று கேட்டவர்கள் மனதில் வைத்திருக்கும் படம் இதுதான். கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் செம்மண் பாறை, அதன் விளிம்பில் நடைபாதை, சின்னச் சின்ன உணவகங்கள், கீழே பாபநாசம் கடற்கரை, பக்கத்தில் ஜனார்த்தன சுவாமி கோயில். இந்தப் பாறை அடுக்குக்குப் புவியியலில் வர்கலாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாட்டின் புவியியல் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகவும் அறிவித்திருக்கிறார்கள். பாறை இளகியது, சரியக்கூடியது. விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள், அடியில் துண்டு விரித்துப் படுக்காதீர்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கே கடல் பழகுவதற்கென்றே வைத்தது போல இருக்கும். அரையாண்டு லீவு, பொங்கல் லீவு இரண்டும் அதற்குள் வருகின்றன. அந்த மாதங்களில் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் வர்கலா என்பேன்.

சிக்கல் பயணத்தில் இருக்கிறது. நாம் சேலம் போய், அங்கிருந்து திருவனந்தபுரம் மெயிலோ பெங்களூர் – கன்னியாகுமரி ஐலண்ட் எக்ஸ்பிரஸோ பிடிக்க வேண்டும். நள்ளிரவை ஒட்டி ஏறினால் மறுநாள் பகலில்தான் வர்கலா சிவகிரி நிலையத்தில் இறங்குவீர்கள். அன்றைய விடியல் போனது போனதுதான். வியாழன் இரவு ஏறி ஞாயிறு மாலை திரும்பினால் இரண்டு விடியல்கள் கிடைக்கும், ஆனால் இரண்டு இரவுகள் ரயிலில். திங்கள் காலை அலைச்சறுக்கி அசந்த தோள்களோடு சேலத்தில் இறங்கி, தர்மபுரி பஸ் ஏறி, அப்படியே வேலைக்குப் போக வேண்டும். இருபது வயதில் முடியும். எனக்கு இப்போது முடிவதில்லை, அதனால் திங்களையும் லீவாகவே போட்டுவிடுகிறேன். டிக்கெட்டைப் பயணத்துக்கு 60 நாள் முன்பே பதியலாம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்பதிவு திறக்கும் அன்றே பதிந்தால்தான் உறுதியான படுக்கை.

## அறுகம்குடா

இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலை ஒட்டிய வளைகுடா. உலகம் முழுவதும் அலைச்சறுக்குக்காரர்கள் அறுகம் பே என்று சொல்லித் தேடி வரும் இடம். மே முதல் செப்டம்பர் வரை சிறந்த பருவம். பொத்துவிலில் பேச்சு தமிழ். கடையில், முச்சக்கர வண்டியில், பள்ளிவாசல் வாசலில் எங்கும் நம் மொழியே காதில் விழும். ஆனால் அவர்கள் தமிழின் இழுவையும் சொற்களும் வேறு. முதல் நாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. 2004 சுனாமி இந்த ஊரை அடித்துப் போட்டது. அதிலிருந்து எழுந்து வந்த ஊர் இது.

தெற்கே காட்டோரமாகப் போனால் உகந்தை முருகன் கோயில். கதிர்காமத்துக்கு ஆடி விழாவை ஒட்டிப் பாதயாத்திரை போகிறவர்கள் அங்கே தங்கிக் காட்டுக்குள் நுழைவார்கள். நம் ஊரில் முருகனுக்குக் காவடி எடுத்தவர்கள் அந்தக் கோயிலைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

அலையைப் பற்றி: மெயின் பாயிண்ட் என்ற பெயர்பெற்ற அலை பாறை மேல் உடைவது, பழகியவர்களுக்கானது. புதியவர்கள் பேபி பாயிண்ட் பக்கமோ, கொஞ்சம் தள்ளி விஸ்கி பாயிண்ட், பீனட் ஃபார்ம் பக்கமோ போவார்கள்.

மூன்று நாளில் இது நடக்காது. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்தான், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொழும்பிலிருந்து அறுகம்குடா 320 கிலோமீட்டர், சாலையில் ஏழெட்டு மணி நேரம். விமான நிலையத்துக்குப் போவதையும் காத்திருப்பதையும் சேர்த்தால் போக ஒரு நாள், வர ஒரு நாள். மிஞ்சுவது ஒரே விடியல். ஆறு நாள் இருந்தால் நான்கு விடியல், அப்போது செலவுக்கு அர்த்தம் உண்டு. பாஸ்போர்ட், கிளம்பும் முன் இணையத்தில் எடுக்கும் மின்னணுப் பயண அனுமதி, பயணக் காப்பீடு, நாணய மாற்று எல்லாம் தனிக் கணக்கு. கொழும்பிலிருந்து போகவர வண்டிச் செலவு விமான டிக்கெட்டுக்கு அருகில் வந்துவிடும். நான்கு பேர் சேர்ந்தால் அது தாங்கும்.

## ஒரே பார்வையில்

| | கோவளம் | செரினிட்டி | வர்கலா | அறுகம்குடா |
|---|---|---|---|---|
| 3 நாளில் விடியல் | 2 | 2 | 2 (ரயிலில் 2 இரவு கூடுதல்) | 1 |
| நல்ல மாதங்கள் | ஜூலை–செப்டம்பர். பழக ஜனவரி–மார்ச் | அதேதான் | டிசம்பர்–மார்ச் | மே–செப்டம்பர் |
| தவிர்க்க | அக்டோபர்–டிசம்பர் | அக்டோபர்–டிசம்பர், பௌர்ணமி | ஜூன்–செப்டம்பர் | நவம்பர்–பிப்ரவரி |
| புதியவருக்கு | மிக நல்லது | ஆசிரியரோடு மட்டும் | மிக நல்லது | இடம் பார்த்து |
| எதிர்பாராத செலவு | சுங்கம், சனி வாடகை | நகரத்து இரவு | தூக்கம், ஒரு நாள் லீவு | கொழும்பிலிருந்து சாலை |

## யாருக்கு எது

சித்தி மகனைப் போன்ற மாந்தோப்புக்காரர்களுக்கு ஆகஸ்டில் கோவளம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோழிகள் இருவரும் பொங்கல் வரை காத்திருந்து வர்கலா போகலாம். பெண்கள் மட்டும் போகிறபோது பக்கத்தில் பக்கத்தில் விடுதிகளும் ஆள் நடமாட்டமும் உள்ள அந்தப் பாறை மேட்டு நடைபாதை வசதி. ஓசூர் மச்சானுக்குக் குடும்பம் பெரிது, பிள்ளைகள் சின்னவர்கள், அதனால் புதுச்சேரி. அறுகம்குடாவை, இந்த மூன்றில் ஒன்றில் பலகையில் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு முழு வாரம் சேர்த்து வைத்துப் போங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும். நம்மில் பலர் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். கிணற்று நீர் நம்மை எங்கும் இழுத்துப் போகாது, கடல் இழுத்துப் போகும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். பலகையையும் காலையும் இணைக்கும் கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். நீச்சல் தெரியாது என்றால் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இடுப்பளவு நீருக்கு மேல் கூட்டிப் போகாமல் பார்த்துக்கொள்வார்.

சித்தி மகன் அடுத்த திங்கள் விடியுமுன் காவேரிப்பட்டணத்திலிருந்து கிளம்புகிறான். புதன் மாலைக்கு வீடு. முழுக்கை வைத்த நீச்சல் சட்டை ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் பலகை உரசி நெஞ்சும் வயிறும் எரியும். ஒரு ஆசிரியருக்கு இரண்டு பேர் என்று பேசி, இரண்டு காலைக்கும் ஆறு மணி வகுப்பை இன்றே பதிந்துவிட்டான்.